நெற்றியின் வலப்பக்கம்

முதலில் தேநீரைக் குடித்துவிடுங்கள், பெனிஸ் அண்ணா. இந்த மழைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஆறிப்போகிறது. சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று ரஞ்சனி அக்கா ஒருமுறை ரேடியோவில் சொன்னார். கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள், தொங்கவிட்டால் வீங்கும். ஐயா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எழுந்து வந்தாலும் நாம் பேசுவது அவர் காதில் விழப்போவதில்லை.

படகு உடைந்த பிறகு, அக்காவைக் கடலில் தேடுவதை நிறுத்திவிட்டதாக அங்கே சொன்ன பிறகு, நீங்கள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இந்தக் குன்னூர் வீட்டுக்கு வந்தீர்கள். நேற்று வந்ததும் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி உங்கள் மாமனாரின் முன்னால் நீட்டினீர்கள். வடமேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது எங்களை ஏன் அந்தக் குடாவுக்குப் போகச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஐயா அதை இரண்டு தரம் வாசித்தார். தன் விரல்களால் நெற்றியின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நீங்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். காலையில்தான் என்னிடம் வந்து, "மாமா நெத்தியத் தொட்டாரே, அது என்ன பாசைங்க?" என்று கேட்டீர்கள்.

சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நியாயமாக இருக்கும்.

என் அப்பா வீரையா கோத்தகிரி பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டு இயந்திரத்தில் வேலை பார்த்தார். அந்த அறைக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். உள்ளங்கையைத் தேய்த்தால் கொழுந்து வருகிறது, தாடையை நிமிண்டினால் சூப்பர்வைசர் வருகிறார், காதை மடித்தால் இன்று லீவு சொல்லப் போகிறேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும்போது நானும் பழகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாயைத் திறக்க வராது. டீச்சர் எழுப்பி நிற்கவைத்தால் கழுத்தெல்லாம் வேர்த்து, தெரிந்த பதிலும் உள்ளேயே நின்றுவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். தொழிற்சாலைக்குள் மட்டும் நான் நிறையப் பேசுகிறவள். என் கையைப் பார்த்துவிட்டு ஆண்கள்கூடச் சிரிப்பார்கள். அது வேறு சிரிப்பு.

அம்மா தெய்வம்மா இந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். ஐயா ஹெர்பர்ட் கப்பல் இன்ஜின் அறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்துக் காதைக் கெடுத்துக்கொண்டவர். மிச்சமிருந்ததும் போய், காதுக் கருவியும் பயன்படாமல் போனபோது அவர் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அம்மாவோடு வந்தபோது, சோறு வெந்துவிட்டது, வந்து உட்காருங்கள் என்று கையால் சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏ பிள்ள, இது இன்ஜின் ரூம் பாசைல்லா. நீ எந்தக் கப்பல்ல வேலை பாத்த?" என்றார். அன்றிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன்.

அவருக்கு ரேடியோதான் உயிர். மாடியில் அந்தப் பெரிய செட்டும், கூரைமேல் கம்பியும். காது நன்றாக இருந்த காலத்தில் எங்கெங்கோ கடலில் இருக்கும் பாய்மரப் படகுக்காரர்களோடு தினம் சாயங்காலம் பேசுவாராம். அவரும் ஓய்வுபெற்ற பிறகு பல வருடம் தன் படகில் தீவு தீவாகச் சுற்றியவர். நீங்களும் அவர் மகள் ரஞ்சனி அக்காவும் அதே படகை எடுத்துக்கொண்டு அந்தமான் பக்கம் கிளம்பியபோது, அவர் செட்டைத் துடைத்துவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் மைக்கில் தானே பதில் சொல்வார். அவர் சொன்னதில் உங்களுக்கு ஏதாவது விளங்கவில்லை என்றால் நானும் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். லைசன்ஸ் இல்லாதவர்கள் மைக்கைத் தொடக் கூடாதாம். அது குற்றம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைக்கில் எனக்குப் பேச்சு வந்தது. எதிரில் முகம் இல்லை பாருங்கள். நீங்கள்தான் எனக்குக் கேப்டன் பாலாமணி என்று பேர் வைத்தீர்கள். கடலையே பார்க்காத கேப்டன் என்று கிண்டல் செய்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

ஐயா மேசைமேல் விரித்த கடல் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். நான் கையால் சொன்னால் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதனால் காற்றின் திசைக்கு மட்டும் வேறு வழி வைத்துக்கொண்டோம். அவருடைய மேசை வடக்கு ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நான் அவர் முகத்தைத் தொடுவேன். நடு நெற்றி என்றால் வடக்கு. வலது கன்னம் கிழக்கு, இடது கன்னம் மேற்கு, பிடரி என்றால் தெற்கு. நெற்றியின் வலப்பக்கம் வடகிழக்கு, கோத்தகிரி இருக்கும் பக்கம். இடப்பக்கம் வடமேற்கு, ஊட்டி இருக்கும் பக்கம். மெதுவாகத் தொட்டால் இளங்காற்று. அழுத்தினால் பலமான காற்று. உண்மையிலேயே முகத்தில் காற்று படுவதுபோல இருக்கிறது என்பார்.

நேற்று அவர் தொட்டுக் காட்டியது அதைத்தான்.

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் திசை தெரியாமல் தவறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அது பொய். மலையில் பிறந்தவளுக்குக் காற்று மறைவு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் கூடலூரில் கொட்டித் தீர்க்கும்போது எங்கள் லயத்து வீட்டு வாசலில் துணி காயும். ஐப்பசியில் அங்கே வெயில் அடிக்கும்போது கோத்தகிரி ரோட்டில் மண் சரியும். ஒரே மலைதான்; எந்த மாதம் எந்தச் சரிவில் இருக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீவும் அப்படித்தான் என்று வரைபடத்தைப் பார்த்த சில நாட்களிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நீரில் பாதி மூழ்கிய மலை. காற்றுக்கு முதுகைக் காட்டும் பக்கம் போய் ஒதுங்க வேண்டும். காற்று மாறினால் இடத்தை மாற்ற வேண்டும்.

மற்றதெல்லாம் ஐயா உங்களுக்கு மைக்கில் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டது. வெயில் உச்சியில் இருக்கும்போது உள்ளே போ, அப்போதுதான் பவளம் பழுப்பாகவும் மணல் பச்சையாகவும் தெரியும். நங்கூரத்தை மணலில் போடு, உடைந்த பவளத்தில் போட்டால் சறுக்கும். போட்டபின் ஒருவர் குதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். அழகான வெள்ளை மணற்கரையை நம்பாதே, அலை தினம் வந்து கழுவுகிற இடம்தான் அவ்வளவு சுத்தமாக இருக்கும். மரம் இறங்கிவந்து தண்ணீரைத் தொடுகிற கரையில் நிம்மதியாகப் படுக்கலாம். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் குடாக்களுக்கு வைத்திருந்த பேர்களும்தான். வாய் சிறுத்து உள்ளே உருண்டையாக இருப்பது சோற்றுப்பானை. அலை நுழைந்து இரவெல்லாம் ஆட்டுவது தொட்டில். தீவு முழங்கையை மடித்தாற்போல் வளைந்திருக்கும் இடம் கைமடிப்பு. ராத்திரி படுத்தால் நான் அவற்றுக்குள் ஒவ்வொன்றாகப் போய் வருவேன். எந்தக் குடாவிலும் யாரும் என்னை எழுப்பி நிற்கவைக்கவில்லை.

இனி நான் மாற்றிச் சொன்னவற்றுக்கு வருகிறேன்.

முதலில் சின்னச் சின்னவை. ரஞ்சனி அக்கா நல்லவர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய பேச்சு லவ்டேல் பள்ளிக்கூட ஹாஸ்டலில் வளர்ந்த பிள்ளைகள் பேச்சு; வேலையை மட்டும் பேசும். பென்ஷன் தாளில் அப்பா கையெழுத்துப் போட்டாரா, கூரைத் தகரத்தை மாற்றினாரா, ஓவர். ஐயா என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தாள் விஷயத்தைச் சொல்லிவிட்டு, உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார் என்பேன். இன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன், உங்களை நினைத்துக்கொண்டேன் என்கிறார் என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும். "கழுத, பக்கத்துல இருக்கும்போது இப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல. கடலுக்குப் போனாத்தான் அப்பன் நெனப்பு வருது பாரு" என்று சிரிப்பார். மத்தியானமே ரேடியோ முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தார். சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

பிறகு ஆபரேஷன் பேச்சு வந்தது. கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் ஐயாவின் பழைய சோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, காதுக்குள் கருவி வைத்தால் மறுபடி கேட்கும் என்று சொன்னதாகவும், அப்பாவிடம் சம்மதமா என்று கேட்கும்படியும் அக்கா சொன்னார். நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் வரைபடத்தில் உங்கள் படகுக்கு அடையாளமாக வைத்திருந்த சட்டைப் பொத்தானை அடுத்த தீவுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். அக்கா இன்று டால்பின் பார்த்தாராம் என்று அவரிடம் கையால் சொன்னேன். உங்களிடம், இந்த வயதில் தலையில் கத்தி வேண்டாம் என்கிறார் என்றேன்.

அவரிடம் நான் கேட்கவேயில்லை.

அக்கா விடவில்லை. மறுபடி மறுபடி கேட்கச் சொன்னார். நானும் மறுபடி மறுபடி மறுத்தேன், அவருடைய வாயாக. கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். இந்தச் சுற்று முடிந்ததும் நேரில் வந்து எழுதிக் காட்டிச் சம்மதிக்கவைத்து, கையோடு கூட்டிப்போய் ஆபரேஷனை முடித்துவிடுவதாகச் சொன்னார். தேதியும் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். "மாமாவுக்குக் காது வந்துருச்சுன்னா நம்ம கேப்டனுக்கு பர்மனென்ட் லீவுங்க" என்று சிரித்தீர்கள். அக்கா உங்களை அதட்டினார். "பாலா, நீ ஒண்ணும் கவலப்படாத. கோத்தகிரி ஃபேக்டரில சொல்லி உனக்கு ஒரு நல்ல வேலை வாங்கித் தர்றேன்" என்றார். அவர் மனசார நல்லதைத்தான் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

நான் என் வேலைக்காகச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் நான் யோசித்தது ஐயாவைப் பற்றித்தான். அவர் காதில் முதலில் விழப்போவது மகளின் குரல். அந்தக் குரலில் மூட்டுவலி விசாரிப்பு இருக்காது, மீன் குழம்பு இருக்காது. பென்ஷன் தாளும் கூரைத் தகரமும்தான் இருக்கும். இத்தனை மாதம் தன்னோடு பேசிய மகள் எங்கே போனாள் என்று அவர் தேடுவார். அந்த மகளை அவருக்குக் கொடுத்தது நான். அவளை அவரிடமிருந்து பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை என்று எனக்குப் பட்டது. சொல்லும்போது பெரிதாகத் தெரிகிறது. அப்போது அது வீட்டுச் சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பதுபோல எளிதாகத்தான் இருந்தது.

அந்தச் சாயங்காலத்துக்கு வருவோம். இங்கே ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நெட் வேறு இல்லை. வழக்கமாக ஐயா நீங்கள் பேசுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் கடல் காற்றுப் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார். அன்று பார்க்க முடியாமல் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். உங்கள் குரல்கள் இரைச்சலுக்குள்ளிருந்து வந்தன. நீங்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தீர்கள், அக்காதான் பேசினார். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

"பாலா, அப்பாகிட்ட சொல்லு. காத்து மாறிடுச்சு. மத்தியானத்துலேருந்து வடமேற்கு, நல்ல வேகம். அலையும் அங்கிருந்துதான் வருது. இன்ஜின் வேற நின்னுபோச்சு. இருட்டறதுக்குள்ள ஒரு இடத்துக்குத்தான் எங்களால போக முடியும். கைமடிப்பா, சோத்துப்பானையா? அப்பா எதைச் சொன்னாலும் அங்க போறோம்."

கைமடிப்பு அந்தத் தீவின் மேற்குப் பக்கம். அதன் வாய் வடமேற்கைப் பார்த்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாக வீசும் வடகிழக்குக் காற்றுக்கு அதைவிட நல்ல மறைவு கிடையாது. வடமேற்குக் காற்றில் அதற்குள் போவது கோத்தகிரிச் சரிவில் மண் சரியும்போது அதன் அடியில் போய்ப் படுப்பது மாதிரி. சோற்றுப்பானை கிழக்குப் பக்கம். அன்றைக்குப் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். எனக்கு அது அக்கா பேசி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

ஐயாவின் நெற்றியின் வலப்பக்கத்தைத் தொட்டேன். மெதுவாக.

அவர் யோசிக்கவேயில்லை. "வடகிழக்கா? பெறகென்ன கேள்வி? இதுக்குப் போய்க் கேப்பாளா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மைக்கை எடுத்தார். மைக்கிலும் அவர் திசையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மைக்கில் அவர் எப்போதும் சிக்கனம். "ரஞ்சி, கைமடிப்பு. நேரா உள்ள போயி மணல்ல போடு. ஓவர்." அவ்வளவுதான்.

குடாவின் பேரைச் சொன்னது அவர். நான் சொல்லவில்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "பாலா, நல்லாக் கேளு. அதோட வாய் வடமேற்கப் பாத்துல்ல இருக்கு? இந்தக் காத்துல எப்படின்னு கேளு" என்றார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா, அவருடைய மகள் அல்லவா. ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்லுதா என்று கண்ணால் கேட்டார். சரி என்கிறார், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று கையால் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பொத்தானை நகர்த்தக் குனிந்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"அக்கா, ஐயா உறுதியாச் சொல்றாருங்க. வாய்க்கு முன்னால பவளத்திட்டு ஒண்ணு இருக்குதாமுங்க. படத்துல தெரியாதாமா. எப்பேர்ப்பட்ட அலையா இருந்தாலும் அதே ஒடச்சிருமுங்களாமா. இதே காத்துல அங்க படுத்து எந்திரிச்சிருக்கேன்னு சொல்றாருங்க."

இத்தனை நீளமாக நான் அதற்கு முன் பேசியதில்லை. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

அப்படி ஒரு திட்டு அங்கே கிடையாது. அது உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். மாமா இல்லாத ஒன்றைச் சொன்னாரே, புத்தி தடுமாறிவிட்டதா என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து யோசித்ததாகக் காலையில் சொன்னீர்கள். அவருக்குத் தடுமாறவில்லை. அந்த வார்த்தை அவருடையது அல்ல.

"சரி. அப்பா அங்க இருந்திருக்காருன்னா சரிதான்" என்றார் அக்கா. பிறகு, அதுவரை அவர் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "அப்பாவுக்குக் குளிரப் போகுது, கம்பளி போட்டுக்கச் சொல்லு" என்றார். அதை மட்டும் நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அதைப் போல எத்தனையோ நான் முன்பே சொல்லியிருந்தேன்.

நெட் இல்லை என்றேனே. மழைக்கு இங்கே நெட் போவது புதிதல்ல, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அன்று காலையில் நெட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வயரை நான்தான் கழற்றிவிட்டேன். முந்தின நாளே அக்கா காற்று ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஐயா காற்றுப் படத்தைப் பார்த்திருந்தால் என் விரலை நம்பியிருக்கமாட்டார். இன்னொன்று. இருட்டிய பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம், யாரும் எடுக்கவில்லை என்று சொன்னீர்கள். அவசரத்துக்காகச் செட் எப்போதும் போட்டே கிடக்கும், அதுதான் பழக்கம். அன்று நீங்கள் பேசி முடித்ததும் நான் அணைத்துவிட்டேன். இடி இறங்கும் காலத்தில் கூரைக் கம்பியோடு செட்டைப் போட்டு வைத்தால் எரிந்துபோகும். ஐயா கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் அவர் சீக்கிரமே மாடிக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெறும் இரைச்சல். அவர் என் முகத்தையே பார்த்தார். மழையில் சிக்னல் கிடைக்கவில்லை என்றேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பிறகு போர்ட் பிளேரிலிருந்து போன் வந்தது. அதையும் நான்தான் எடுத்தேன், நான்தான் அவரிடம் சொன்னேன். அதில் நான் எதையும் மாற்றவில்லை. படகு நங்கூரம் சறுக்கிப் பாறையில் மோதியது, நீங்கள் கரையில் ஒதுங்கி மீனவர்கள் கையில் கிடைத்தீர்கள், அக்கா கிடைக்கவில்லை என்று அவர்கள் சொன்னபடியே சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். கைமடிப்பு என்றேன்.

அவர் வரைபடத்தை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து அந்தக் குடாவின் வாயை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். "ராத்திரியில காத்து திரும்பியிருக்கு, பிள்ள. நான் அத யோசிச்சிருக்கணும். ஐப்பசில திரும்பும்னு எனக்குத் தெரியும்லா. நான்தான் எம் பிள்ளய அங்க அனுப்புனேன்" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். உங்கள் தப்பு இல்லை ஐயா என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மை. அவரிடம் இவ்வளவு உண்மையாக வேறு யாரும் ஆறுதல் சொல்லியிருக்க முடியாது.

நேற்று நீங்கள் எழுதிக் காட்டியதைப் படித்த பிறகு, அவர் இரவில் என்னைக் கூப்பிட்டார். "அன்னைக்கு வலப்பக்கந்தான தொட்ட?" என்று கேட்டார். ஆமாம், நான் தொட்டது சரிதான், பெனிஸ் அண்ணன்தான் அதிர்ச்சியில் திசையை மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவர் நம்பினார். உங்கள்மேல் இரக்கப்பட்டார். உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதனால்தான் காலையிலிருந்து நீங்கள் கேட்டதெல்லாம் செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது நீங்கள் போய் அவரை எழுப்பி எல்லாவற்றையும் எழுதிக் காட்டலாம். பேனா அந்த அலமாரியில் இருக்கிறது. போலீசுக்கும் சொல்லலாம், இதையெல்லாம் அங்கேயும் இப்படியே சொல்வேன். நான் தடுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மகளைத் தவறிப்போய் அனுப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்துவிடலாம். தினம் தன் முகத்தைத் தொட்ட விரலை நினைத்துக்கொண்டு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.

அந்த ஆபரேஷன் தேதி இன்னும் போகவில்லை. நீங்கள் வருவதற்கு முந்தின நாள் அதைப் பற்றி நானே அவரிடம் பேசினேன். இந்தத் தடவை எதையும் ஒளிக்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், இரண்டு கையாலும் தெளிவாகச் சொன்னேன். டாக்டர் சொன்னதை, அக்கா ஆசைப்பட்டதை, மறுபடி காது கேட்கும் என்பதை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "வேண்டாம் பிள்ள. இனி எதக் கேக்கதுக்கு? நீ சொல்லுதது போதும்" என்றார்.

அதை அவர் தானாகவே சொன்னார், பெனிஸ் அண்ணா. நான் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.